மலை காத்த தீவு

கரீபியத் தீவுகளான குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் இடையே, சுமார் 750 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த டொமினிக்காவில், கடலோரத்திலிருந்தே செங்குத்தாக எழும் மலைகளும், அவற்றின்மீது ஓயாது பொழியும் மழையும், அம்மழையால் தழைத்த வனங்களும், வனத்திலிருந்து இறங்கி வரும் ஆறுகளுமே அத்தீவின் ஐசுவரியம்.

1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மோர்ன் த்ருவா பித்தோன் வனத்தினூடே, பாசி படர்ந்த மரங்களையும் கந்தக நெடி வீசும் பாழ்ப் பள்ளத்தாக்கையும் கடந்து, மூன்று மணி நேரம் நடந்து கொதிக்கும் ஏரியை அடைந்தபோது, முதலில் புலப்பட்டது வெண்ணிற ஆவி மட்டுமே. காற்று அதைச் சற்றே விலக்க, சாம்பல் கலந்த நீலநீர் ஏரியின் நடுவே குமுறிக் கொப்பளிப்பதைக் கண்டேன். பூமியின் கர்ப்பத்திலுள்ள அக்கினி பாறைப் பிளவுகளின் வழியே அனுப்பும் உஷ்ணவாயுவே அந்நீரை இடையறாது கொதிக்க வைக்கிறது.

கீழைக் கரையில், 1903-இல் ஒதுக்கப்பட்ட 3,700 ஏக்கர் நிலத்தில், ஐரோப்பியர் வருமுன்பே அத்தீவை ஆண்ட கலினாகோ மக்களின் சந்ததியார் வாழ்கின்றனர். அந்நிலம் தனியொருவர் விற்கவோ வாங்கவோ இயலாத பொதுச் சொத்து. அங்கே ஒரு மூதாட்டி, லருமா என்னும் நாணல் போன்ற செடியின் தண்டைக் கீறி, வெயிலில் காய்ந்து செம்பழுப்பான பட்டைகளையும் சேற்றில் பல நாள் புதைத்துக் கறுத்த பட்டைகளையும் மாற்றி மாற்றிக் கோத்துக் கூடை முடைந்துகொண்டிருந்தார். இரண்டு அடுக்காக முடைந்து இடையே அகன்ற இலைகளை வைப்பதால், அக்கூடைக்குள் மழைநீர் புகுவதில்லை.

அவ்வனமும் இக்கலையும் பிழைத்தற்குக் காரணம் ஒன்றே. சமவெளி அருகிய இத்தீவில், அண்டைத் தீவுகளிற்போலக் கரும்புத் தோட்டங்கள் பரவ இயலவில்லை. தோட்டங்களிலிருந்து தப்பிய ஆப்பிரிக்க அடிமைகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் மலைகளே அரணாயின. 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் மரியா என்னும் சூறாவளி வனத்தை மொட்டையாக்கிச் சென்றபோதும், மரங்கள் மீண்டும் துளிர்த்தன. மக்களும் வீடுகளைக் கட்டியெழுப்பினர்.

ஆதலின் இத்தீவுக்குச் செல்வோர் இயற்கை அழகென்றும் மக்கள் பண்பாடென்றும் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. காட்டை அழித்தால் அக்கூடைக்கு நாரும் இலையும் இல்லை. கூடை முடையும் மக்கள் அகன்றால் காட்டின் அருமை அறிந்து காப்பாரும் இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே மதிக்கும் யாத்திரிகனையே அம்மண்ணின் உத்தம விருந்தினன் என்பேன்.