இது யாரு புள்ளை சாரு?



கொஞ்சம் நீளமான பதிவு. போட்டோ பற்றியது. போனில் படம் வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் 1994 பத்தாம் வகுப்பு செட் பையன்கள் நான்கு பேரோடு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பையன்கள் என்று பழக்கத்தில் எழுதுகிறேன், எல்லோரும் ஐம்பதை நெருங்குகிறார்கள். அந்த வருடத்து குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்பவனின் வீடு அது. பெயர் எழுதவில்லை, அந்த செட்டுக்குத் தெரியும். 2021 கொரோனாவில் போய்விட்டான். அவனுடைய அம்மா, மருமகளோடும் பேரனோடும் இருக்கிறார்கள்.

பழைய வீடு ஒழுகியதில் ஆல்பம் எல்லாம் நனைந்து வீணாகிவிட்டது, சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை என்று அந்த அம்மா யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட நம் பையன் ஒருவன், வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்த குரூப் போட்டோவை எடுத்து, ஒரு செயலியில் போட்டுத் தெளிவாக்கி, அவன் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, கண்ணாடி பிரேம் போட்டுவிட்டான். கொண்டுபோவதற்கு முன்னால் எங்களுக்கு அனுப்பினான். பளிச்சென்று நேற்று எடுத்த படம் மாதிரி இருந்தது. குரூப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் மூன்று கைதட்டல் போட்டேன்.

அம்மா பிரேமை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. இது யாரு புள்ளை சாரு?" என்று கேட்டார்கள்.

அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். அவனுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. ஒன்பதாம் வகுப்பில் மைதானத்து இரும்பு கேட்டில் மோதி மூன்று தையல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே நான்தான். படத்தில் இருந்த பையனுக்குப் புருவம் வழுவழுவென்று இருந்தது. பல்வரிசை நேராக இருந்தது. நிறமும் இரண்டு படி ஏறியிருந்தது. இரண்டு வருடம் எதிரில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்குத் தெரியவில்லை, பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது.

படம் செய்த பையன் மேல் தப்பில்லை. அன்பாகச் செய்தான். அவனை யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. தப்பு எங்கே என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அந்தக் குரூப் போட்டோ 10 அங்குலம் அகலம். வரிசைக்குப் பன்னிரண்டு பேர். ஒரு முகத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்குலம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால், நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிகளாகச் சுருங்கிவிடும். அங்குலத்துக்கு 160 புள்ளி. ஒரு முகத்துக்கு 53. அதிலும் நம் குரூப்பில் சுற்றியது, யார் வீட்டுச் சுவரிலோ மாட்டியிருந்த படத்தைச் சாய்வாக நின்று எடுத்தது. இன்னும் குறைவு.

இத்தனை குறைவான புள்ளியில் புருவத் தழும்பு இருக்கவே இருக்காது. இல்லாததை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துத் தர முடியாது. அது என்ன செய்கிறது என்றால், ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகி வைத்திருக்கிறது. "இந்த மங்கலுக்கு இப்படி ஒரு முகம் பொருந்தும்" என்று ஊகித்து, புதிதாக ஒன்றை வரைந்து தருகிறது. 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த 'பல்ஸ்' என்ற மென்பொருளில் யாரோ ஒபாமாவின் மங்கலான படத்தைப் போட்டார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் முகம் தெளிவாக வந்தது. உலகமே அறிந்த முகத்துக்கே அந்தக் கதி. நம் ஊர்ப் பையன் எம்மாத்திரம்?

அன்றைக்கு அந்த அம்மாவிடம் "ஒரு வாரம் டயம் கொடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். டிரங்குப் பெட்டியில் தேடியதில், ஆசிரியருக்கென்று கொடுத்த, மவுண்ட் ஒட்டாத பிரதி கிடைத்தது. அதை வைத்து நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் படங்களுக்கும் இதேதான் முறை.

முதலில் ஸ்கேன். பஜாரில் டிடிபி கடைக்குப் போனேன். சொல்லாவிட்டால் 200, 300 டிபிஐ-யில் எடுத்து பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். 600 டிபிஐ, கலர், டிஃப் அல்லது ஜேபெக், பென்டிரைவில் கொடுங்கள் என்று கேட்டு வாங்க வேண்டும். 600-ல் ஒரு முகத்துக்கு 200 புள்ளி கிடைக்கிறது. 53-க்கு 53 எங்கே, 200-க்கு 200 எங்கே? பரப்பளவில் 14 மடங்கு. 1200 வைக்கச் சொல்லி ஆசைப்பட வேண்டாம். இந்த மாதிரி பிரின்ட்டில் அதற்குமேல் விவரம் கிடையாது, காகிதத்தின் சொரசொரப்புதான் பெரிதாகும்.

ஸ்கேனர் வசதி இல்லாதவர்கள் போனிலேயே எடுக்கலாம். கேமரா கண்ணாடியைத் துடையுங்கள். வேட்டி நுனி போதும். பகல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும் ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம். டியூப் லைட்டையும் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். போனைப் படத்துக்கு இணையாகப் பிடியுங்கள், சாய்ந்தால் ஒரு ஓரத்து ஆள் குட்டையாகிவிடுவார். ரொம்பக் கிட்டே போகாமல், கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தால் ஓரங்கள் வளையாது. பளபளப்பான படத்தில் உங்கள் சட்டையே பிரதிபலிக்கும், கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள்.

அடுத்தது முக்கியம். எடுத்த அசலைத் தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, நகலில்தான் கை வைக்க வேண்டும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விவரம் போகும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. அசல் பத்திரமாக இருந்தால் எத்தனை தப்புச் செய்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். கணக்கு நோட்டில் ரஃப் ஒர்க் பக்கம் கேட்பேனே, அது இதற்குத்தான்.

திருத்துவதற்கு நான் பயன்படுத்தியது போனில் ஸ்னாப்சீட். இலவசம்தான். கம்ப்யூட்டர் இருப்பவர்களுக்கு ஜிம்ப், அதுவும் இலவசம், லேயர் வசதி உண்டு.

பழைய கலர் பிரின்ட்டுகள் பலவும் செவசெவ என்று ஆகிவிடும். அதிலுள்ள சாயங்களில் நீலப்பச்சை முதலில் வெளிறிவிடுவதுதான் காரணம். ஒயிட் பேலன்ஸ் என்ற இடத்தில் சொட்டுக்குழாய் மாதிரி ஒரு கருவி இருக்கும். அதை வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் தொட்டால் மற்ற நிறங்களும் ஓரளவு சரியாகிவிடும். நமக்குத்தான் வெள்ளைச் சட்டை யூனிஃபார்ம் ஆயிற்றே! ஆனால் முதலில் நான் தொட்டது யார் வீட்டிலோ நீலம் தாராளமாகப் போட்டு அலசிய சட்டை, படம் முழுக்க மஞ்சள் ஏறிவிட்டது. வேறு சட்டையைத் தொட்டதும் சரியானது. பிறகு வெளிச்சமும் கான்ட்ராஸ்டும் கொஞ்சம். 'போதும்' என்று தோன்றும் இடத்திலிருந்து ஒரு படி குறைத்து வையுங்கள், மறுநாள் காலையில் பார்த்தால் அதுதான் சரியாக இருக்கும்.

கடைசியாக ஹீலிங். தூசி, கீறல் அழிப்பது. சுவரிலும் வேப்பமரத்திலும் இருந்த புள்ளிகளைத் தாராளமாக அழித்தேன். முகத்தில் மட்டும், இது தூசியா மச்சமா என்று ஆளைத் தெரிந்தவரைக் கேட்காமல் தொடவில்லை. முதல் வரிசையில் என் மோவாயில் இருந்த புள்ளியை அழிக்கப்போய், வீட்டுக்காரம்மா கையைத் தட்டிவிட்டார். மச்சம்தான்!

அவன் முகத்தில் நான் ஒன்றும் செய்யவில்லை. ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தபோதே இடது புருவத்தில் நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன். இருக்கிற புள்ளிகளுக்கு ஏ4 அளவு தாங்காது. தபால் அட்டை அளவில், 4-க்கு 6-ல் பிரின்ட் போட்டேன். அதிலேயே கொஞ்சம் மங்கல்தான். சட்டைக் காலர் மடங்கியிருக்கிறது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறான்.

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. விரலால் புருவத்தைத் தொட்டார்கள். பிறகு பேரனைக் கூப்பிட்டு, "ஒங்க அப்பன் கேட்டுல முட்டிக்கிட்டு வந்தான்டா, இந்த சாருதான் தூக்கிட்டுப் போனாரு" என்று ஆரம்பித்து, கொட்டிய ரத்தம், அப்பா அடிக்க வந்தது, மறுநாளே விளையாடப் போனது என்று அரைமணி நேரம் சொன்னார்கள். பையன் படத்தையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செயலிகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. விளையாட்டுக்குச் செய்யுங்கள். ஆனால் அப்படிச் செய்த படத்தின் பெயரிலேயே 'செயலி செய்தது' என்று போட்டு வையுங்கள், அசலை அழிக்காதீர்கள். நம்மோடு இல்லாதவர்கள் முகத்தில் மட்டும் அதை ஓட்ட வேண்டாம். இருபது வருடம் கழித்து நம் பேரப்பிள்ளைகளுக்கு எது நிஜம் என்று சொல்ல ஆள் இருக்காது.

இந்த வாரத்துக்கு வீட்டுப்பாடம். வீட்டில் இருக்கும் பழைய படம் ஒன்றை எடுங்கள். வீட்டிலேயே மூத்தவரிடம் கொண்டுபோய், யார் யார், எந்த வருடம் என்று கேளுங்கள். பின்பக்கம் ஓரமாக மெல்லிய பென்சிலில் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். ஸ்கேன் செய்து ஃபைலுக்கு வருடம், ஊர், பெயர் என்று பெயர் வையுங்கள். போனில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வெளியூரில் இருக்கும் தம்பி தங்கையிடம் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கட்டும். யாருக்கு அனுப்பினாலும் வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள், அப்போதுதான் சுருங்காமல் போகும். எச்.டி. என்று இருப்பதும் சுருக்கத்தான் செய்யும், கொஞ்சம் குறைவாக.

1994 செட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் எல்லோருடைய முகமும் 200 புள்ளியில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கள், டாக்குமென்டாகத்தான் அனுப்புவேன்.