முஸாபிரும் முகீமும்

பயணத்திற்கு அரபு மொழியிலே ‘ஸபர்’ என்று பெயர். மறைப்பு நீங்கி வெளிப்படுதல் என்பது அதன் வேர்ப்பொருள். பொழுது விடிந்து வெளிச்சம் பரவுவதையும், திரை விலகி முகம் தெரிவதையும் அந்த வேரிலிருந்து பிறந்த சொற்களாலேயே அரபியர் குறிப்பர். ஒருவனோடு கூடப் பயணம் செய்தாலன்றி அவன் குணம் விளங்காது. ஆகவேதான் பயணத்துக்கு இப்பெயர் வந்தது என்று ஓதிக்கொடுத்த பெருமக்கள் நமக்கு விளக்கியதுண்டு. பெற்ற மகள் விஷயத்திலும் அது பொருந்தும் என்பதை 2023ஆம் ஆண்டின் கோடையில் கண்டோம்.

நம் மகளும் மருமகனும் 2014இல் நெதர்லாந்து நாட்டுக்குக் குடிபோனவர்கள். மருமகனும் நம் ஊர்ப் பிள்ளையே. லைடன் என்னும் நகரிலே வாடகை வீட்டில் வாழ்கின்றனர். பல்லாண்டுகளாக அழைத்தும் போக வாய்க்காத நாம், அவ்வாண்டு மே மாத நடுவிலே புறப்பட்டோம். மனைவியாருக்கு முழங்கால் வலி; விமானத்தில் அத்தனை நேரம் மடங்கி உட்கார இயலாதென்று நின்றுவிட்டார். எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது என்பது அந்நாடுகளின் விசா விதி. மகள் வீட்டுக்குப் போகவும் நாள் கணக்கு! ஆனால் பயணிக்கு நாள் கணக்கு வைப்பது ஃபிக்ஹு படித்த நமக்குப் புதிதன்று.

லைடன் என்றதும் தமிழறிந்தோருக்கு, அவ்வூர்ப் பெயராலேயே வழங்கிவரும் ஆனைமங்கலச் செப்பேடுகள் நினைவில் எழும். அரபு கற்றோருக்கோ வேறு நினைவு வரும். 1575இல் தோன்றிய அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் 1613 முதலே அரபு மொழிக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். எர்பேனியுஸ் என்னும் அவர் அவ்வாண்டே வெளியிட்ட அரபு இலக்கணத்தைத்தான் ஐரோப்பியர் நெடுங்காலம் படித்துவந்தனர். பின்னர் இஸ்தான்புல்லில் டச்சு அரசின் தூதராயிருந்து 1665இல் மறைந்த வார்னர் என்பவர், தாம் சேர்த்த ஏறத்தாழ ஆயிரம் கையெழுத்துப் பிரதிகளை அப்பல்கலைக்கழகத்துக்கே விட்டுச்சென்றார். அவற்றுள் ஒன்று, குர்துபாவில் பிறந்த இமாம் இப்னு ஹஸ்மு இளமையில் எழுதிய ‘தவ்குல் ஹமாமா’. அந்நூலுக்கு உலகிலே எஞ்சியிருப்பது அந்த ஒரே பிரதிதான். மகள் வீட்டுக்குப் பக்கத்திலே அது இருக்கிறது என்ற எண்ணமே நமக்கு ஓர் உறவினர் வீடு இருப்பதுபோல் தோன்றிற்று. மகளுக்கு அச்செய்தி புதிது. அவள் அந்நூலகத்தின் வழியே ஒன்பது ஆண்டுகளாகச் சைக்கிளில் போய் வந்திருக்கிறாள்.

அவர்களது வாழ்க்கை எளியது. ஏணிபோல் செங்குத்தான மாடிப்படி. வாசலுக்கு எதிரே கால்வாய். மழை வந்தாலும் காற்று வந்தாலும் சைக்கிள். இறைச்சி துருக்கியர் கடையில். கறிவேப்பிலை வாங்க வேற்றூருக்கு ரயில். நம் ஊரில் மேற்கே திரும்பி நின்று பழகிய கால்கள் அங்கே தென்கிழக்கு நோக்கித் திரும்ப நமக்கு மூன்று நாளாயிற்று. மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அங்கே இரவு முழுதும் அடிவானத்து வெளிச்சம் முற்றும் மறைவதேயில்லை. இஷா எப்போது, ஸுபுஹ் எப்போது என்பது கிதாபில் ‘இப்படியும் ஓர் ஊர் இருந்தால்’ என்று நாம் ஓதிக்கொடுத்த மஸ்அலா. அவர்களுக்கோ அன்றாடக் கவலை. 2016இல் ரமலான் ஜூன் மாதத்தில் வந்தது. பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாத நோன்பு! மகள் ஒன்றையும் விடவில்லையாம். நாம் அவளைச் சிறுமியாக நோன்பு பிடிக்கப் பழக்கியபோது, அஸருக்குப் பின் தண்ணீர்ப் பானையைச் சுற்றிச் சுற்றி வந்தவள் அவள்.

அந்நாட்டில் ஊழியருக்கு விடுமுறைச் செலவுக்கென்றே ஆண்டு ஊதியத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு தனியே தருகின்றனர். பெரும்பாலும் மே மாதத்தில் அது கைக்கு வரும். அதை வைத்துத்தான் இவ்விருவரும் ஆண்டுதோறும் ஊர் சுற்றுகின்றனர். பாரிஸ், வியன்னா, பிராக் எல்லாம் பார்த்தாயிற்று. அவ்வூர்களைப் பற்றி எழுதுவோர் பலர் உளர், நாம் எழுதவேண்டியதில்லை. இவர்கள் பயணம் செய்யும் முறையைத்தான் சொல்லவேண்டும். பெட்டியில் ஒரு சிறு மின்அடுப்பு, ஒரு படி அரிசி, ரசப்பொடி, பேரீச்சம்பழம், சுருட்டிய முஸல்லா. ரயில் நிலையத்தில் நடைமேடையின் கோடி இவர்களுக்குப் பள்ளிவாயில். ஒருவர் தொழ, மற்றவர் பெட்டிக்குக் காவல். எந்த ஊருக்குப் போனாலும் கஸ்ருதான். நான்கு ரக்அத்து இரண்டாகச் சுருங்கும். இப்படிப் பயணியாகவே பல ஊர்களில் தொழுததனால்தான் போலும் மகளுக்கு அக்கேள்வி பிறந்தது.

ஜூன் மாதம் மத்ரிதிலிருந்து குர்துபா செல்லும் ரயிலில் அதைக் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒலிவ மரங்கள் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

“அத்தா, நாங்கள் விடுமுறைக்கு நம் ஊருக்கு வந்தால் கஸ்ரா, முழுத் தொழுகையா?”

மருமகன் சட்டென்று, “சொந்த ஊரில் ஏது கஸ்ரு? முழுசாகத்தான் தொழவேண்டும்” என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை, நம்மையே பார்த்தாள்.

வாசக அன்பர்களுக்கு இம்மஸ்அலாவைச் சற்றே விளக்கவேண்டும். நம் ஹனபி மத்ஹபின்படி, 48 மைல் தொலைவுக்குக் குறையாமல் பயணம் புறப்பட்டவன் ஓரூரில் பதினைந்து நாள் தங்க நிய்யத்து வைக்காதவரை முஸாபிர், கஸ்ரு செய்வான். தன் சொந்த ஊருக்குள் நுழைந்துவிட்டாலோ ஒரு நாள் தங்கினாலும் அவன் முகீம், முழுமையாகத் தொழுவான். சொந்த ஊரை ‘வதன் அஸ்லீ’ என்பர். பிறந்ததனால் மட்டும் அது என்றென்றைக்கும் நிலைத்துவிடாது. பிழைப்புக்காகப் போனவன் திரும்பிவரும் எண்ணத்தோடு எத்தனை ஆண்டு வெளியே இருந்தாலும் ஊர் அவனுடையதே. குடும்பத்தோடு பெயர்ந்து, இனி இதுவே நம் ஊர் என்று வேறோர் இடத்தில் உறுதிகொண்டானாயின் பழைய ஊர் அவனுக்குச் சொந்த ஊராகாது. அங்கே அவன் பயணியே. இதற்கு ஹிதாயா ஆசிரியர் காட்டும் ஆதாரம் என்ன? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவிலே பிறந்து வளர்ந்தவர்கள். ஹிஜ்ரத்துக்குப் பின்னர் அதே மக்காவிலே தம்மைப் பயணிகளில் ஒருவராக எண்ணினார்கள் என்பதே. எத்தனையோ முறை மாணவர்களுக்கு இதை ஓதிக்கொடுத்திருக்கிறோம். அந்த ரயிலில் சொன்னபோது மட்டும் குரல் சற்றுத் தாழ்ந்தது.

“ஆகவே பதில் எம்மிடம் இல்லை அம்மா, உங்கள் நிய்யத்தில் இருக்கிறது” என்றோம். மருமகன் கைப்பேசியை எடுத்து எதையோ பார்க்கலானார். மகள் ஒலிவ மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

குர்துபாவின் வெயில் நம்மூர்ச் சித்திரையை நினைவூட்டிற்று. 785இல் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பெரும்பள்ளி, 1236 முதல் தேவாலயம். 856 தூண்கள், அவற்றின் மீது சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை வளைவுகள். உள்ளே பேரீச்சந்தோப்பில் நிற்பதுபோன்ற குளிர்ச்சி. தேவாலயக் கூடத்தை நடுவிலே பொருத்தியிருக்கும் விதம், பட்டுச் சேலையில் கம்பளித்துண்டை ஒட்டியது போலிருந்தது என்பது நம் கருத்து. அதன் வேலைப்பாட்டைப் புகழ்வோரும் உளர். அங்கே முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை. மிஹ்ராபின் முன் சற்று நேரம் கைகட்டாமல் நின்றுவிட்டு வந்தோம். அஸரை ஆற்றங்கரை நிழலில் தொழுதோம். ‘வாதில் கபீர்’ என்ற அரபுப் பெயரைத்தான் அவ்வாறு ‘குவாதல்கிவிர்’ என்று இன்றும் சுமந்து ஓடுகிறது.

இதைக் கட்டிய அப்துர் ரஹ்மானும் சிரியாவிலிருந்து உயிர் தப்பி வந்தவரே. குர்துபாவுக்கு வெளியே தோட்டம் அமைத்து, பாட்டனாரின் சிரியத் தோட்டத்துப் பெயராகிய ‘ருஸாபா’ என்பதையே அதற்கும் இட்டார். தன்னைப்போல் அந்நியமான ஒரு பேரீச்ச மரத்தைப் பார்த்துக் கவிதையும் பாடினார். திரும்பிப் போகவேயில்லை. நகர வாயிலருகே இப்னு ஹஸ்முக்குச் சிலை வைத்திருக்கின்றனர். உள்நாட்டுக் கலகத்தில் 1013இல் ஊரைவிட்டு வெளியேறியவர் அவர். தம் வீடு பாழான செய்தியைத் தம் நூலிலே எழுதியிருக்கிறார். பயண விஷயத்தில் அவர் சட்டம் எளிது. ஒரு மைல் போனாலே கஸ்ரு என்பார். “அப்படியானால் நான் தினமும் சைக்கிளிலேயே முஸாபிர்தான்” என்று மகள் சிரித்தாள். ரயிலுக்குப் பின் அன்றுதான் சிரித்தாள்.

ஜூலையில் ஸராயேவோ. 1531இல் எழுந்த காஜி குஸ்ரவ் பேக் பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தபோது தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே மகளுக்குப் பெரு வியப்பு. பக்கத்து மணிக்கூண்டில் சூரியன் மறையும் வேளைக்குச் சரியாகப் பன்னிரண்டு காட்டுமாறு கடிகாரத்தைத் திருத்திவருகின்றனர். 1537இல் நிறுவிய மதரஸா இன்றும் நடக்கிறது. வெள்ளைத் தோல், நீலக் கண். ஓதுவதோ நாம் ஓதிய ஹனபி ஃபிக்ஹு. இஷாவை ஜமாஅத்தோடு தொழுதோம். உள்ளூர் இமாமைப் பின்பற்றும் முஸாபிர் நான்கும் தொழவேண்டுமாதலால் அன்று எங்களுக்கும் நான்கு. “இங்கே இமாம் நமக்கும் சேர்த்து முகீமாக இருந்துவிட்டார்” என்றார் மருமகன்.

லைடனுக்குத் திரும்பிய பின்னரே, இருவருக்குமிடையே நடந்துவந்த பேச்சு நமக்குத் தெரிந்தது. ஐந்தாண்டு வாழ்ந்து, டச்சு மொழித் தேர்விலும் தேறினால் அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இருவரும் தேறிவிட்டனர். ஆயின் நம் நாட்டுச் சட்டப்படி பிற நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், கடவுச்சீட்டை ஒப்படைக்கவேண்டும். மருமகன் ‘இன்னும் ஐந்து வருடத்தில் ஊருக்கே போய்விடலாம்’ என்று ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். மகள் அந்த நாட்டிலே மருந்தாளர் தேர்வு எழுதி, முதியோர்க்கு அவர்கள் மொழியிலேயே மாத்திரை விளக்கிக் கொடுக்கிறாள். விண்ணப்பம் மேசை இழுப்பறையில் கிடந்தது. நாம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஃபிக்ஹு கேட்டால் சொல்வோம். நிய்யத்து அவரவர் உள்ளத்தது.

மறு ஆண்டு டிசம்பரில் இருவரும் பன்னிரண்டு நாள் விடுமுறையில் ஊருக்கு வந்தனர். மாடியில் மகளுடைய அறையை மனைவியார் பத்தாண்டுகளாக அவள் வைத்துப்போனபடியே வைத்திருக்கிறார். வந்த அன்று லுஹரை வீட்டில் நாம் தொழவைத்தோம், எல்லோருக்கும் நான்கு. அன்றிரவு உறவினர் வீடுகளுக்குப் போய்த் தாமதமாகத் திரும்பியவள், கூடத்திலேயே தனியாக இஷா தொழுதாள். இரண்டாம் ரக்அத்தில் இருந்து ஸலாம் கொடுத்தாள்.

“ஏம்மா, பாதியிலே முடித்துவிட்டாய்?” என்றார் மனைவியார்.

“பன்னிரண்டு நாள்தானே அம்மா” என்றாள்.

மனைவியார் நம் முகத்தைப் பார்த்தார். “தொழுகை சரிதான்” என்றோம். அவர் வேறொன்றும் கேளாமல், ஆறிப்போன சோற்றைச் சூடுபண்ண அடுப்படிக்கு எழுந்து போனார்.