முறிகண்டிக்கு அப்பால்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குக் காரிற் செல்வோர் முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்காது போவது அரிது. சென்ற சித்திரை விடுமுறையில் நாமும் இறங்கினோம், தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம். மீண்டும் கார் புறப்பட்டதும், ஒலிப்பெட்டியிற் பாடிக்கொண்டிருந்த என் தந்தையாரின் குரல் தடித்து இழுபட்டு, மாங்குளம் வருமுன்னரே அடங்கிவிட்டது.

"தம்பி, நிப்பாட்டு. கசெற் அறுந்திடும்" என்றார் பின்னிருக்கையிலிருந்த அம்மா.

அது 1994 ஆம் ஆண்டில் எங்கள் வீட்டு விறாந்தையிற் பதிவானது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிகளுக்கும் தடை. கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோவே எங்கள் மின்னிலையம். நான் மிதியைக் கையாற் சுற்ற, அப்பா தேவாரம் பாடினார். அவர் குரலென்று எஞ்சியிருப்பது அது ஒன்றே. பிரதி எடுத்து வைக்காதது என் சோம்பல். மாணவருக்கு முன்யோசனையைப் போதிப்பவனும் நானே!

வவுனியாக் கடைவீதியில் ஓர் இளைஞரின் சிறு பட்டறையில் காரை நிறுத்தினோம். அவர் உடனே திருப்புளியை எடுக்கவில்லை. வானொலிப் பக்கத்தைத் திருப்பினார், இரைந்தது. ஆகவே பியூசும் ஒலிபெருக்கிகளும் பழுதல்ல, கசெற் சுழலும் பொறியே பழுது என்றார். பின்னர் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுப் பெட்டியை வெளியே இழுத்து மூடியைத் திறந்தார். ரப்பர்ப் பட்டி தார்போல் இளகியிருந்தது. நாடா உருளையில் இரு சுற்றுச் சுற்றியிருந்தது. உருளையை விரலாற் பின்னோக்கி உருட்டி, சாமணத்தால் அவர் அதை விடுவிக்க இருபது நிமிடமாயிற்று. அம்மா மூச்சும் விடவில்லை. நாடா கசங்கியிருந்தது, அறவில்லை.

"சேர், இந்தப் பெல்ற் இப்ப எடுக்கேலாது. புதுசு பூட்டுவம்."

பழைய பெட்டி ஜப்பானியருக்கென ஆக்கப்பட்டது. 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரையே அதற்குக் காது. நம் நிலையங்களிற் பல அதற்கு மேலே உள்ளன. புதியது 108 வரை கேட்கும். அதன் மஞ்சள் வயருக்கு எப்போதும் மின் வேண்டும். நினைவைக் காப்பது அது. சிவப்புக்குச் சாவி திருப்பும்போது மட்டும். இரண்டும் மாறினால், சாவியை எடுக்குந்தோறும் பெட்டி மணியையும் நிலையங்களையும் மறந்துவிடும். காரிலுள்ள வயர்களின் நிறத்தை நம்பாது, சோதனை விளக்கை வைத்தே அவர் ஒவ்வொன்றாக இணைத்தார்.

கசெற் செருகும் வாய் மட்டும் புதியதில் இல்லை.

"அப்ப, அப்பாவை எதில கேக்கிறது?" என்றார் அம்மா.

இளைஞர் பரணிலிருந்து பழைய ரேப் றெக்கோடர் ஒன்றை இறக்கிக் கணினியுடன் இணைத்தார். ஒரு மணி நேரத்தில் அப்பா விரலளவான ஒரு பென் டிரைவில் அடங்கினார். அதற்கு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மிகிந்தலைக் குன்று தெரியத் தொடங்கிய வேளை, சீராகச் சென்ற குரல் திடீரெனக் கீச்சென்று உயர்ந்து பின் தணிந்தது. புதிய பெட்டியும் பழுதோ என்று துணுக்குற்றேன். பதியும்போது நாடா மெதுவாக ஓடியிருந்தால், கேட்கும்போது குரல் உயரும் என்பது பிறகே நினைவுக்கு வந்தது. நான் சொல்லுமுன் அம்மா சொன்னார்:

"அதிலதான் உனக்குக் கை உளைஞ்சது."