ஜிம்மிக்கு நாலு மாதம்

ஒஸ்லோ
பங்குனிக் கடைசி

அன்புள்ள பிள்ளை,

நேற்று நீ தொலைபேசியில் அழுதது இன்னும் காதுக்குள் நிற்கிறது. ஜிம்மிக்கு முதலில் விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டு, இரண்டு கிழமை கழித்துத்தான் சிப் வைத்தார்கள் என்றாய். அப்படியென்றால், அவனை நோர்வேக்குக் கூட்டிவர அந்த ஊசி கணக்கில் வராது. மிருக வைத்தியர் நல்ல மருந்துதான் போட்டிருப்பார். ஆனால் சிப்பில் உள்ள பதினைந்து இலக்கம்தான் இங்குள்ளவர்களுக்கு ஜிம்மியின் பெயர். அந்தப் பெயர் கிடைக்க முதல் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று யாரால் சத்தியம் பண்ண முடியும்? ஆகவே நாளைக்கே கூட்டிக்கொண்டு போ. சிப்பைக் கருவியில் வாசித்து, அந்த இலக்கத்தை எழுதிய பிறகு ஊசி போடச் சொல்லு.

ஊசி போட்டு 30 நாளாவது கழிந்த பிறகு இரத்தம் எடுக்க வேண்டும். அது ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வுகூடத்துக்குத்தான் போக வேண்டும். விசர்நாய்க்கடி நோய்க்கு எதிரான சக்தி ஒரு மில்லிலீட்டருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். அதுவும் சரிவந்தால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் நாலு மாதம். நீ மாப்பிள்ளையிடம் வந்து சேர ஆவணி பிறந்துவிடும்.

அவுஸ்திரேலியாவில் இருந்தோ அமெரிக்காவில் இருந்தோ வரும் நாய்க்கு இந்த இரத்தப் பரிசோதனையும் இல்லை, மூன்று மாதமும் இல்லை. அப்படி விலக்குப் பெற்ற நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இந்தியாவும் இல்லை. "எங்கட நாய் என்ன பாவம் செய்தது?" என்று கேட்டாய். ஜிம்மி ஒரு பாவமும் செய்யவில்லை, பிள்ளை. ஆனால் அந்த மூன்று மாதம் எதற்கென்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன், என்னிலும் இரண்டு வயது இளையவன், தெருவில் கிடந்த குட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். அது கடித்தது. அம்மா அடிப்பா என்ற பயத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. காயம் ஆறிவிட்டது. பிறகும் இரண்டு மாதம் எங்களோடு கிளித்தட்டு விளையாடிக்கொண்டுதான் இருந்தான். ஒருநாள் பின்னேரம், தாகம் என்று கேட்டவன், தாய் நீட்டிய செம்பைக் கண்டதும் தொண்டை இறுகிப் பின்வாங்கினான். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமிருக்கவில்லை. குறி தெரிந்தபின் இந்த நோயில் பிழைப்பவர் இல்லையென்றே சொல்லலாம்.

ஊசி போடும் முன்னரே உடம்புக்குள் கிருமி புகுந்திருந்தால், இரத்தத்தில் சக்தி இருக்கிறதென்று அறிக்கை வந்தாலும் நாய் பிறகு நோயில் விழக்கூடும். அப்படி விழுவதென்றால் பெரும்பாலும் இந்த மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிடும். அந்தப் பொடியன் விளையாடிய இரண்டு மாதம்தான் இந்த விதிக்குள் இருக்கிறது. அதனால்தான், கொழும்பில் திகதி மாற்றித் தர ஓர் ஆள் இருக்கிறாராம் என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. பிடிபட்டால் நாயைத் திருப்பி அனுப்புவார்கள், அல்லது தனிமைப்படுத்தி வைப்பார்கள். இரண்டுக்கும் வழியில்லையென்றால் கருணைக்கொலை. பிடிபடாவிட்டால் அதைவிட மோசமாகவும் முடியலாம்.

அடுத்தது நாடாப்புழு மாத்திரை. இங்கே வந்து சேர்வதற்கு 120 மணித்தியாலத்துக்கு முன்னும் கொடுக்கக்கூடாது, 24 மணித்தியாலத்துக்குள்ளும் கொடுக்கக்கூடாது. வைத்தியர் கையால் கொடுத்து, நேரத்தையும் பத்திரத்தில் எழுத வேண்டும். விமானம் பிந்தினாலும் தாங்கும்படி, ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு கொடுத்துவிடு.

அந்த மாத்திரை எதற்கென்றும் சொல்கிறேன். ஆவணியில் இங்கே ஊரே காட்டுக்குள்தான் நிற்கும். கையளவு உயரச் செடியில் நீலமாய்ப் பழம், ப்ளோபேர் என்பார்கள். பிள்ளைகள் பறித்தபடியே வாய்க்குள் போட, நாக்கும் பல்லும் நீலமாகிவிடும். நம் ஊரில் நாவல்மரத்தின் கீழ் நின்ற மாதிரியே இருக்கும். ஆனால் நரி நாடாப்புழு உள்ள தென்ஜெர்மனியில் காட்டுப்பழத்தைக் கழுவித்தான் தின்னச் சொல்வார்கள். நரியின் அல்லது நாயின் மலத்தோடு அந்தப் புழுவின் முட்டை பழத்தில் ஒட்டும். மனிதருக்குள் போனால் ஈரலில் குடியேறி, பத்து வருடம் சத்தமில்லாமல் வளர்ந்து, புற்றுநோய்போல் ஆளை உருக்கும். சுவீடன் நரிகளில் 2011இல் கண்டுபிடித்தார்கள். நோர்வேயின் பெருநிலத்தில் இன்னும் இல்லை. ஒவ்வொரு வருடமும் வேட்டைக்காரர் சுட்ட நரிகளை நூற்றுக்கணக்கில் சோதித்துப் பார்க்கிறார்கள்.

வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில் அது வந்துவிட்டது. ரஷ்யச் சுரங்கக் குடியிருப்புகளுக்குக் கப்பலில் வந்த கால்நடைத் தீவனத்தோடு ஒருவகை வயல் எலியும் வந்து இறங்கியது என்கிறார்கள். புழு வளர அந்த எலி போதுமாயிற்று. ஒருவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வைக்கோல் கட்டுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

திட்டமிட்டுச் செய்த காரியங்களும் உண்டு. மயிருக்காக அமெரிக்காவிலிருந்து மிங்க் என்ற கீரிபோன்ற பிராணியை 1920களில் நோர்வேக்குக் கொண்டுவந்து பண்ணை போட்டார்கள். தப்பியவை கரை முழுக்கப் பரவி, இன்றைக்கும் கடற்பறவைகளின் கூடுகளைச் சூறையாடுகின்றன. சோவியத் ஆட்சி தூரகிழக்கிலிருந்து ராக்கூன் நாயை மேற்கே கொண்டுவந்து காட்டில் விட்டது. அது பின்லாந்தையும் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது. அதன் உடம்பில் விசர்க்கிருமியும் வரலாம், இந்தப் புழுவும் வரலாம். டென்மார்க்கில் கொரோனா மிங்க் பண்ணைகளுக்குள் புகுந்து, உருமாறி மனிதருக்குத் திரும்பியபோது, 2020 கார்த்திகையில் நாட்டிலிருந்த மிங்க் அத்தனையையும் கொல்லச் சொன்னார்கள். ஒன்றரைக் கோடிக்கும் மேல். அவசரத்தில் புதைத்த உடல்கள் ஊதி மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நோர்வேயில் 2025 மாசியிலிருந்து மயிர்ப்பண்ணையே சட்டவிரோதம். நூறு வருடம் பிந்தி வந்த சட்டம் என்பேன். ஒரு கைப்பைக்கும் கழுத்துப்பட்டைக்கும் ஆயிரக்கணக்கில் இறக்கியபோது கேட்காத கேள்வியை, ஒற்றை நாயோடு வரும் பெண்ணிடம் கேட்கிறார்களே என்று எனக்கும் மனம் நோகிறது. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. நாம் சரியாய்ப் பதில் சொல்லிக்கொண்டு வருவோம்.

அரச மிருக வைத்தியரின் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைக்காதே. அதற்குப் பத்து நாள்தான் ஆயுள். நீயும் ஜிம்மியும் ஒரே விமானத்தில் வருவது நல்லது. கார்டர்முவென் விமான நிலையத்தில் பச்சை வாசலால் வராமல், சிவப்பு வாசலுக்குப் போய் நாய் இருக்கிறதென்று நீயே சொல்ல வேண்டும். நான் வெளியே நிற்பேன்.

ஜிம்மி விமானத்தில் வருவதற்கான கூட்டை இப்போதே வாங்கிவிடு. மாமரத்தின் கீழே கதவைத் திறந்து வைத்து, சோற்றை அதற்குள் வை. ஒரு மாதத்தில் தானாய்ப் போய்ப் படுப்பான். அவன் படுக்கிற அந்தப் பழைய சாக்கையும் உள்ளே போடு. தோய்த்துப் போடாதே, உங்கள் வீட்டு மணம் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியம்மா