சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

என் மனைவிக்குச் சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகிறது. தினமும் காலையில் 20 யூனிட் இன்சுலின். ஊசி போடுவது என் வேலை. போன வருஷம் ஒரு வாரமாகச் சர்க்கரை இறங்கவே இல்லை. "எனக்குத் தெரியாம ஏதாவது சாப்பிடறியா?" என்று கேட்டே விட்டேன். அவள் பதில் பேசவில்லை.

டாக்டரிடம் போனோம். அளவைக் கூட்டி எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, "சார், எந்த ஊசியில போடறீங்க? காட்டுங்க" என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆரஞ்சு மூடி.

நம் ஊரில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு உரியது சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. கடையில் சிவப்பு இல்லையென்று இதை வாங்கி வந்தவன் நான்தான். ஆரஞ்சு ஊசியில் 20 என்ற கோடு 0.2 மில்லி. எங்கள் குப்பியிலிருந்து அவ்வளவு எடுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். தலைகீழாக, 100 மருந்தைச் சிவப்பு ஊசியில் எடுத்திருந்தால் 50 போயிருக்கும். நினைத்தாலே கை நடுங்குகிறது.

இத்தனைக்கும் நான் முப்பது வருஷம் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவன். 1999 செப்டம்பரில் நாஸாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்கு மிக அருகில் போய்த் தொலைந்ததும் இதே தப்பால்தான். தரையிலிருந்த ஒரு புரோகிராம் உந்துவிசையைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்தது. வாங்கிய புரோகிராம் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம்.

எஃப் ஷார்ப் என்ற மொழியில் எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுதலாம். மீட்டரையும் அடியையும் கூட்டப் போனால், கம்பைலர் புரோகிராமை ஓடவே விடாது. எங்கள் காலத்தில் எல்லாம் வெறும் எண்தான். அலகைப் பக்கத்தில் குறிப்பாக எழுதி வைப்போம். யாரும் படிக்க மாட்டார்கள். மூடியின் நிறமும் அந்தக் குறிப்பு மாதிரிதான். எச்சரிக்கும், தடுக்காது. எந்த ஊசியும் எந்தக் குப்பியிலும் நுழையும்.

வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள், குப்பியில் இருக்கும் எண்ணையும் ஊசியில் இருக்கும் எண்ணையும் இன்றே ஒத்துப் பாருங்கள்.

இப்போதெல்லாம் என் மனைவி இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாற்பதுக்கு நாற்பது, போடுங்க" என்பாள். அன்று கேட்ட கேள்விக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.