கச்சானும் சொக்லேட்டும் ஒரு சிறுமியும்

கச்சான் என்ற சொல்லை ஈழத்துத் தமிழர் எவரும் நாவில் நீர் ஊறாமல் உச்சரிப்பதில்லை. தமிழகத்தார் நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலாக்கொட்டை என்று பல பெயர்களால் வழங்கும் அதே பொருள்தான். பயறு, கடலை வகைகளை மலாய் மொழியில் 'கச்சாங்' என்பார்கள். எமது சொல்லும் அதற்கு உறவாகவே தோன்றுகிறது. எனினும் கச்சான் என்றதும் எமது நினைவில் எழுவது வெறும் பருப்பு அன்று, ஒரு திருவிழா. நல்லூர் வீதியில் வரிசையாகக் கச்சான் கடைகள், தாச்சியில் சூடான மணலோடு புரளும் கச்சானின் ஓசை, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய சுருள். நேற்று நான் கண்விழித்து எழுதிய ஆசிரியத் தலையங்கம் இன்று கச்சான் சுருளாக என் கைக்கே திரும்பி வந்த நாள்களும் உண்டு. பத்திரிகையாளனின் ஆணவத்தை அடக்க அதனினும் சிறந்த மருந்து வேறில்லை.

அந்தக் கச்சானை முற்றிலும் வேறொரு கோலத்தில் அண்மையில் சந்தித்தேன். எனது இளைய மகளின் குடும்பம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரின் புறநகர் ஒன்றில் வசிக்கிறது. கடந்த குளிர்காலத்தில் சில வாரங்கள் அவர்களோடு தங்கியிருந்தேன். வெளியே முழங்காலளவு பனி. உள்ளே ஒன்பது வயதுப் பேர்த்தியும் நானும். அவள் என்னிடம் கேட்டாள்: "அம்மப்பா, நாய்க்குட்டித் தீவனம் செய்வோமா?"

வீட்டில் நாய் இல்லை. திகைத்துப்போன என்னைப் பார்த்து மகள் சிரித்தாள். 'பப்பி சௌ' என்பது அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் நத்தார்க் காலத்திலும் பிறந்தநாள்களிலும் வீடுதோறும் செய்யப்படும் இனிப்பு என்று அதன் பின்னரே அறிந்தேன். சொக்லேட்டும் கச்சான் வெண்ணெயும் பூசி, ஐசிங் சீனியில் புரட்டிய சிறு சதுரங்கள் பார்ப்பதற்கு நாய்க்கு இடும் உலர் உணவைப் போல இருப்பதால் அந்தப் பெயர். 'மடி படீஸ்', அதாவது சேற்றுத் தோழர்கள், என்றும் சொல்கிறார்கள்.

இதற்கு அடிப்படை, சன்னல் வலைபோலப் பின்னிய ஒரு சதுரத் தானியம். காலையில் பாலில் இட்டு உண்பது. அதன் வணிகப் பெயரை உள்ளபடியே தமிழில் எழுதினால் வேறொரு பொருள் தொனிக்கும். பல்லாண்டுகள் பிழை திருத்திய கை அதற்கு இடம் தராது. ஆகவே 'சதுரத் தானியம்' என்றே குறிப்பிடுகிறேன். சென் லூயிஸ் நகரத்து ரால்ஸ்டன் பியூரினா நிறுவனம் 1937 ஆம் ஆண்டில் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் கால்நடைத் தீவனத்துக்கும், பிற்காலத்தில் நாய் உணவுக்கும் பெயர்பெற்றது. அதன் சின்னமே சதுரங்கக் கட்டம். எனவே நாய்க்குட்டித் தீவனம் என்ற பெயர் விளையாட்டாக வந்திருந்தாலும், பிறந்த வீட்டோடு பொருந்தியே நிற்கிறது. 1997 இல் இந்தத் தானியம் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் தலைமையகம் மினியாபொலிசை ஒட்டிய கோல்டன் வலியில் இருக்கிறது; எனது மகளின் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை.

செய்முறை எளிது. அடுப்புகூட வேண்டியதில்லை. சதுரத் தானியம் 9 கோப்பை, சொக்லேட் துண்டுகள் 1 கோப்பை, கச்சான் வெண்ணெய் அரைக் கோப்பை, பட்டர் கால் கோப்பை, வனிலா 1 தேக்கரண்டி, ஐசிங் சீனி ஒன்றரைக் கோப்பை. தானியத்தைப் பெரிய பாத்திரத்தில் இட்டு வைக்க வேண்டும். சொக்லேட், கச்சான் வெண்ணெய், பட்டர் மூன்றையும் ஒரு கிண்ணத்தில் சேர்த்து மைக்ரோவேவில் 1 நிமிடம் சூடாக்கிக் கிளறி, மேலும் அரை நிமிடம் வைத்தால் வழவழப்பாக உருகிவிடும். அதில் வனிலாவைக் கலந்து தானியத்தின் மேல் ஊற்றி, சதுரங்கள் நொறுங்காமல் மெல்லப் புரட்ட வேண்டும். பின்னர் ஒரு பெரிய பொலித்தீன் பையில் போட்டு, ஐசிங் சீனியைக் கொட்டி, வாயை இறுக மூடிக் குலுக்க வேண்டும். குலுக்கும் வேலை சிறுவர்களுக்கு உரியது. கடைசியில் மெழுகுத் தாளில் பரப்பி ஆறவிட்டால் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சொக்லேட் உருகும் கிண்ணத்தில் ஈரம் இருத்தல் ஆகாது. சிறிதளவு நீர் பட்டாலும் அதிலுள்ள சீனியும் கொக்கோத் துகள்களும் ஒன்றோடொன்று ஒட்டி, குழைவு போய்க் கட்டிபட்டுவிடும். கலவை கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது சீனியைக் கொட்டினால் அது கரைந்து மறைந்துவிடும்; சற்று ஆறவிட்டே கொட்ட வேண்டும். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில், எமது உடற்சூட்டுக்குச் சற்றுக் கீழே, உருகும். கச்சான் எண்ணெயும் பட்டரும் அதனை மேலும் இளக்குகின்றன. மினசோட்டாப் பனியில் அது ஒரு பொருட்டல்ல. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் செய்பவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத்தான் உண்ண வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காவிட்டால் தானியம் ஈரத்தை இழுத்து நமுத்துவிடும். எமது முறுக்குக்கும் மிக்சருக்கும் உள்ள அதே விதி.

செய்து உண்டோம். நன்றாகவே இருந்தது. கச்சான் அல்வாவுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பேர்த்தியின் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டுக்கு வருவதாக இருந்தது. தோழிக்கும் அதையே செய்து கொடுப்போமே என்றேன். பேர்த்தியின் முகம் மாறியது. "அம்மப்பா, அவளுக்குக் கச்சான் ஆகாது. சாப்பிட்டால் மூச்சு நின்றுவிடும். அவள் பையில் எப்போதும் இரண்டு ஊசி இருக்கும்" என்றாள். பிறந்தநாள் விழாக்களில் எல்லோரும் கேக் உண்ணும்போது, அந்தப் பிள்ளை தன் தாய் கொடுத்துவிட்ட சிறிய டப்பாவைத் திறந்து அதிலுள்ளதை மட்டும் உண்பாளாம். ஒன்பது வயதுச் சிறுமி இதனை ஒரு செய்திபோல, எவ்வித மிகையும் இன்றிச் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது.

கச்சான் இல்லாமல் அதைச் செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றாள் மகள். சூரியகாந்தி விதையை அரைத்த வெண்ணெய் கடைகளில் கிடைக்கிறது. அதே அளவில் சேர்த்தால் போதும். சிக்கல் அதில் இல்லை, சுத்தத்தில் இருந்தது. சமையலறை மேசை, கிண்ணங்கள், கரண்டிகள் யாவற்றையும் சவர்க்காரமிட்டுக் கழுவினோம். கைகளைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். கையில் தடவிக்கொள்ளும் கிருமிநீக்கித் திரவம் கிருமியைக் கொல்லுமே தவிரக் கச்சான் புரதத்தை அகற்றாது. திறந்து பயன்படுத்திய சீனிப் பையையும் பட்டரையும் ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வாங்கப் போனோம்.

கடையில் மகளும் நானும் ஒவ்வொரு பொதியையும் திருப்பித் திருப்பிப் படித்தோம். முதலில் எடுத்த சொக்லேட் பொதியின் அடியில், எறும்பு எழுத்தில், 'கச்சான் கலந்திருக்கக்கூடும்' என்றிருந்தது. அதை அடுக்கிலேயே வைத்துவிட்டோம். கச்சான் ஓர் உட்பொருளாக இருந்தால் அதனை எளிய சொல்லில் குறிப்பிட வேண்டும் என்று 2004 இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. ஆனால் ஒரே இயந்திரத்தில் வேறு பண்டம் செய்ததால் தற்செயலாகக் கலக்கக்கூடும் என்ற எச்சரிக்கை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. எனவே எச்சரிக்கை இல்லை என்பதற்கு ஆபத்து இல்லை என்று பொருளாகாது.

சனிக்கிழமை அந்தப் பிள்ளையின் தாய் வந்தார். வணக்கம் சொல்லி அமர்ந்த கையோடு, மிகப் பணிவாக, "பொதிகளைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். எமது ஊரில் விருந்துக்கு வந்தவர் இப்படிக் கேட்டால் வீட்டுக்காரி ஓராண்டுக்கு முகங்கொடுத்துப் பேசமாட்டாள். எனக்கோ அவர் மீது பெருமதிப்பு உண்டாயிற்று. நான் பத்திரிகைக்குள் நுழைந்த காலத்தில் மூத்தவர்கள் முதலிற் சொல்லித் தந்தது, மூலத்தைக் கண்ணால் காணாமல் செய்தியை அச்சுக்கு விடாதே என்பதுதான். யார் சொன்னாலும், எவ்வளவு நம்பிக்கைக்குரியவர் சொன்னாலும், தாளைக் காட்டு என்று கேட்க வேண்டும். எமது தொழிலில் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். அந்தத் தாய்க்கு அந்த வசதி இல்லை.

ஆறு பொதிகளையும் அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். சொக்லேட் நிறுவனத்துக்குத் தாம் முன்னரே தொலைபேசியில் பேசி விசாரித்திருப்பதாகவும், அது பாதுகாப்பானது என்றும் கூறினார். ஊசியை எங்கே வைத்திருக்கிறார், எப்போது, எப்படிக் குத்த வேண்டும் என்று எனக்கும் மகளுக்கும் செய்து காட்டினார். பிறகு சம்மதித்தார். சிறுமிகள் இருவரும் பையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சமையலறை முழுவதும் சீனிப் புழுதி. ஒரே கிண்ணத்தில் இருவரும் கைவிட்டு அள்ளி உண்டார்கள். அந்தப் பிள்ளையின் டப்பா அன்று திறக்கப்படவே இல்லை. தாய் சன்னல் பக்கம் திரும்பிச் சிறிது நேரம் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உலகின் பல பாகங்களிலும் பரந்து வாழும் எமது வாசகர்களுக்கு இதனைச் சொல்லக் காரணம் உண்டு. எமது விருந்தோம்பலில் வற்புறுத்தல் ஓர் அங்கம். "ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது" என்பது எமது தாய்மாரின் அன்பு மொழி. போர்க்காலத்தில் சீனி கிடைக்காமல் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தபோதுகூட, வந்தவருக்கு ஏதேனும் ஊட்டாமல் அனுப்பியதில்லை. அந்தப் பண்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு வாயே யமனாகலாம். உதடு வீங்கும், உடல் தடிக்கும், வாந்தி வரும், மூச்சுக் குழல் சுருங்கும், இரத்த அழுத்தம் சரியும். சில நிமிடங்களிலேயே நிகழலாம். அப்போது முதலுதவி எபிநெஃப்ரின் ஊசிதான். தொடையின் வெளிப்புறத்தில் தாமதமின்றிக் குத்தி, உடனே அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரை அதற்கு ஈடாகாது.

"எங்கள் காலத்தில் இப்படி ஒரு நோய் இருந்ததா?" என்று முதியவர்கள் கேட்பார்கள். கேள்வியில் பொருள் இல்லாமலில்லை. பிரித்தானியாவில் வாழும் யூதப் பிள்ளைகளிடையே இந்த ஒவ்வாமை இஸ்ரேலில் வாழும் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று 2008 இல் ஓர் ஆய்வு காட்டியது. இஸ்ரேலில் குழந்தைகள் 'பம்பா' என்ற கச்சான் பொரியைச் சிறுவயதிலேயே உண்கிறார்கள். அதன் தொடர்ச்சியாக இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் மருத்துவர் கிடியன் லாக் தலைமையிலான குழு, ஒவ்வாமை வரும் வாய்ப்புக் கூடுதலாக இருந்த 640 குழந்தைகளை ஆராய்ந்து 2015 இல் முடிவை வெளியிட்டது. முதல் ஆண்டிலிருந்தே கச்சான் உணவு பெற்ற குழந்தைகளிடம், தவிர்த்தவர்களோடு ஒப்பிடுகையில், ஒவ்வாமை 80 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஆபத்து வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை கொடுக்காதீர்கள் என்று 2000 ஆம் ஆண்டில் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2008 இல் அதனைக் கைவிட்டது. 2017 இல் வந்த வழிகாட்டல் காலத்தோடு கொடுக்கவே சொல்கிறது. கடும் தோலழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தையாயின் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும். குழந்தைக்கு நீர்த்த களியாகவே கொடுக்க வேண்டும்.

ஆனால் இவை அனைத்தும் ஒவ்வாமை வருமுன் காப்பதற்கு. வந்துவிட்ட பிள்ளைக்கு "சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்குவோம்" என்று வீட்டில் முயல்வது உயிரோடு விளையாடுவதாகும். அதற்கான சிகிச்சை உண்டு. அது மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டியது.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் திருவிழா நடத்துகிறோம், திருமணத்துக்குப் பலகாரம் சுடுகிறோம், அந்தியேட்டிக்கு ஊரைக் கூட்டி உணவளிக்கிறோம். எதில் கச்சான் இருக்கிறது, எதில் எள்ளும் முந்திரியும் இருக்கின்றன என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? எமது வீட்டுக்கு வரும் பிள்ளையின் தாய் பொதியைக் காட்டுங்கள் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுவோம். பிள்ளை வேண்டாம் என்றால் ஒரு முறை கேட்டதோடு நிறுத்திக்கொள்வோம். அவர்களும் கைவிட்டு அள்ளத்தக்க ஒரு கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டால், அதைவிடப் பெரிய விருந்து வேறென்ன?