தாத்தா கட்டிய ஒரு வெள்ளி

போன மாதம் அக்காள் மகள் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டினாள். ஜாசின் டவுனில் ஒரு கடையில் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இடது கையால் போனைத் தட்டியவள், "முடிஞ்சிருச்சு மாமா" என்றாள். "எதும்மா?" என்றேன். "ஃபீஸ்." பாடங்களை முந்தின ராத்திரியே பதிந்துவிட்டாளாம். பிடித்த விரிவுரையாளரின் வகுப்பு அஞ்சே நிமிஷத்தில் நிரம்பிவிட்டது, அது ஒன்றுதான் குறை.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கட்டிய கூட்டுப் பணம் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது நாங்கள் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தோம். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வந்ததெல்லாம் 1997இல். அப்போது கையில் இருந்தால் உண்டு. பெண்டஹாரி பெயருக்குப் பேங்க் டிராஃப்ட் எடுக்கவேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. "யாருடா அந்த ஆளு, அவனுக்கு எதுக்கு நம்ம காசு?" என்று எதிர்வீட்டுக் கிழவி கேட்டாள். பொருளாளர் என்று விளக்கியும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை.

லயத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து கூட்டுக் கட்டினார்கள். மாசம் ஆளுக்கு 50 வெள்ளி. முறை வந்தவர் 600 எடுப்பார். அம்மாவின் முறை ஒன்பதாவது. நாலாவது முறை பக்கத்து வீட்டு அத்தைக்கு, மகளுக்குக் காது குத்த வைத்திருந்தார். அம்மா போய் நின்றதும், "புள்ள காது எங்க போயிடப் போவுது, நீ எடுத்துக்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

அந்த நோட்டுகளில் ஒட்டுப்பால் வாடை. வங்கியில் அந்த மலாய்ப் பெண் ஈர ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். கமிஷன் என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியாது. "மக்சிக், இன்னும் கொஞ்சம் வேணும்" என்றதும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பஸ் காசு அதோடு போயிற்று. வெயிலில் பாதி வழி நடந்தோம். மீதிக்கு ஒரு செம்பனை லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் வாசல் அஞ்சடியில் தாத்தா. டிராஃப்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த யூனிவர்சிட்டிக்கு உன் ஆத்தா பொறந்த அடுத்த வருஷமே நான் காசு கட்டிட்டேன்டா தம்பி" என்றார். கிழவருக்கு நினைவு பிசகுகிறது என்று நினைத்தேன்.

பதிவு நாளில் மண்டபம் முழுக்க வரிசை. ரசீது ஒரு மேசை, படம் எடுக்க ஒரு மேசை, விடுதிச் சாவிக்கு ஒரு மேசை. பாடப் பதிவுத் தாளுக்குக் கார்பன் வைத்து அழுத்தி எழுதவேண்டும். ஆலோசகர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். இந்தியவியல் துறையில் ஒரு தாளும் எடுத்தேன். தாத்தா பேச்சின் சூட்சுமம் அங்கேதான் விளங்கியது.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. இந்தியவியல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது அதில் தமிழுக்கு முதலிடமா, சமஸ்கிருதத்துக்கா என்று சர்ச்சை. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று அந்தத் துறைக்காக ஒரு நிதி திரட்டினார், ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களும் கொடுத்தார்கள். அப்போது அது சின்னக் காசில்லை. 1956இல் துறை வந்தது. பிறகு அது கோலாலம்பூருக்கு மாறி, தனிநாயகம் அடிகள் அதற்குத் தலைவராக இருந்த காலத்தில்தான் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கே நடந்தது. விடிகாலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற தாத்தா பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார், தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக அனுப்பவே முடியாத காலத்தில்.

நூலகத்தில் தமிழ் அலமாரிகளுக்கு நடுவே அன்று ரொம்ப நேரம் நின்றேன். தாத்தாவின் வெள்ளி எந்தப் புத்தகத்தில் என்று எப்படித் தெரியும்? சும்மா ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன்.

எங்கள் லயம் இப்போது இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், ஆட்கள் டவுனுக்குப் போனார்கள். ஜாசினிலேயே யு.ஐ.டி.எம். பல்கலைக்கழக வளாகமும் வந்துவிட்டது, அது பூமிபுத்ராக்களுக்கான இடம் என்பதால் எங்கள் பிள்ளைகள் இன்றும் பஸ் ஏறித்தான் போகிறார்கள். காது குத்தாமல் காத்திருந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது பிள்ளையே இருக்கிறது.

வெள்ளி கொடுத்தவர்கள் பெயரெல்லாம் பத்திரிகையில் வந்தது, என் பெயரும் வந்தது என்று தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பதுகளின் தமிழ் முரசுக் கட்டு யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். ஜாசின் பக்கத்துத் தோட்டப் பெயர் எதுவும் கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.